ஐந்து பேர் கொடுத்த என் ரத்தம்

அக்கா,

இன்று காலை ஒரு லாட் துணியை விசாரிக்கச் சாயப்பட்டறைக்குப் போயிருந்தேன். நான் போய் நின்ற நேரம் பார்த்து ஒருவன் அசிட்டிக் ஆசிட் கேனைத் திறந்தான். அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறி, மண்டைக்குள் மூன்று சுற்றுச் சுற்றி, நேராகப் போய் உன் கையைப் பிடித்து இழுத்துவந்து என் முன்னால் நிறுத்திவிட்டது. கண் இரண்டிலும் அமராவதி அணையைத் திறந்துவிட்ட மாதிரி தண்ணீர்.

"ஆசிட்டு காட்டமுங்களா? அக்கட்டால நில்லுங்ண்ணா" என்றான் அவன்.

"ஆமாப்பா, ஆசிட்டுதான்" என்றேன். பன்னிரண்டு தையல் மெஷின்களைக் கட்டி ஆளும் சக்கரவர்த்தி அக்காவை நினைத்து மூக்கைச் சிந்தினான் என்று நம் திருப்பூர் மண்ணரை முழுக்கப் பரவினால் என் கொற்றக்குடை என்ன ஆவது?

ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் அக்காவின் நினைவு மல்லிகைப்பூவில் வருகிறது, ரசம் தாளிக்கும் வாசனையில் வருகிறது. எனக்கு ஆசிட்டில் வருகிறது. அவரவர் கொடுத்துவைத்தது. நீ ஆராய்ச்சி செய்த அத்தனை வருடமும் உன் சேலையில் இந்த வாடைதானே? மூன்று பங்கு மெத்தனால், ஒரு பங்கு இந்த ஆசிட். செல்களைக் கெடாமல் நிறுத்திவைக்க நீ கலக்கும் கலவை. கோயம்புத்தூர் பஸ்ஸிலிருந்து நீ இறங்கினால் பஸ் ஸ்டாண்டில் ஈ, கொசு எல்லாம் மரியாதையாக ஒதுங்கி வழிவிடும். நான் என் பட்டறையில் உட்கார்ந்தபடியே "அக்கா வந்தாச்சு" என்று அறிவிப்பேன். பத்து நிமிடத்தில் நீ வந்து நிற்பாய். என் மூக்கைப் பற்றி வரலாறு இன்னும் சரியாக எழுதப்படவில்லை.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் நான்கைந்து வருடம் இருக்கும். கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, மகளைப் பன்னிரண்டாம் வகுப்பில் வைத்துக்கொண்டு, நாற்பத்தாறு வயதில் "பிஎச்டி சேந்துட்டேன்" என்று வந்து சொன்னாய். மாமா கையில் இருந்த காபி டம்ளர் கையிலேயே நின்றது. நான்தான் தலைப்பைக் கேட்டேன். சொன்னாய். சாயத் தொழிலாளர், ரத்த வெள்ளணு, குரோமோசோம் சிதைவு, மரபணு, நோய்வாய்ப்பு... அந்தத் தலைப்பின் தலை திருப்பூரில் நுழையும்போது வால் ஈரோடு ஜங்ஷனில் நின்றது.

ஆனால் காரணம் சின்னது. காரணம் அப்பா. முப்பது வருடம் சாயத்தொட்டியில் முழங்கை வரை கைவிட்டுத் துணி புரட்டியவர். வெள்ளிக்கிழமை நீலம், சனிக்கிழமை சிவப்பு, ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தபின் ஊதா. "என்ற கையைப் பாத்தே ஷேடு கார்டு போட்டுக்கலாமுங்க" என்று முதலாளியிடமே சிரிப்பார். கடைசியில் மூத்திரப்பையில் கட்டி. டாக்டரிடம் நீ ஒரே கேள்விதான் கேட்டாய்: "இது சாயத்தாலயாங்க சார்?" அவர் கையை விரித்தார்: "அதெல்லாம் சொல்ல முடியாதும்மா." நாங்கள் எல்லோரும் அழுது முடித்து எழுந்துவிட்டோம். நீ மட்டும் அந்தச் 'சொல்ல முடியாது' என்பதை முந்தானையில் முடிந்துகொண்டாய். இருபது வருடம் கழித்து முடிச்சை அவிழ்த்தாய்.

எனக்குப் புரியும்படி நீ சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. சாயத்தொட்டியில் நிற்கும் ஆளின் ரத்தத்தை எடுக்க வேண்டும். மூன்று நாள் கோழி அடைகாப்பதுபோலக் கதகதப்பில் வைத்து அதன் செல்களைப் பெருக்க வேண்டும். செல் இரண்டாகப் பிரியப் போகும் நேரத்தில் அப்படியே நிறுத்தி, உள்ளே இருக்கும் நாற்பத்தாறு குரோமோசோம்களில் எது உடைந்திருக்கிறது, எது ஒட்டுப்போட்டிருக்கிறது என்று எண்ண வேண்டும். சாயம் தொடாத ஆட்களின் ரத்தத்தையும் அதேபோலப் பார்த்து ஒப்பிட வேண்டும்.

"பிரியற நேரத்துல எப்படிக்கா நிறுத்துவே? கையைக் காட்டியா?"

"கோல்ச்சிசின்னு ஒரு மருந்துடா. நம்ம மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு போடறாங்கல்ல, அந்தச் செங்காந்தள் விதையில இருந்துதான் எடுக்கறது."

நம் சித்தப்பா ஒன்றரை ஏக்கரில் கண்வலிக்கிழங்கு போட்டிருந்தார். உலக விஞ்ஞானமே நம் சித்தப்பா தோட்டத்து வேலியில் சாய்ந்துதான் நிற்கிறது என்று அன்று சாயங்காலமே டீக்கடையில் பிரகடனம் செய்தேன். நீ இன்னொன்றும் சொன்னாய்: "குரோமோசோம் சும்மா பாத்தாத் தெரியாது. அதுக்குச் சாயம் ஏத்தோணும்." நான் விடுவேனா? "அப்ப நீயும் சாயக்காரிதான்!" நீ சிரித்தாய். "அப்பன் புள்ளை வேற என்னடா ஆவேன்?"

ஒருநாள் உன் ஆய்வகத்துக்கு வந்தேன். ஸ்டூல் மேல் ஏறி நின்று, கையை உயர்த்தி, கீழே இருக்கும் குளிர்ந்த கண்ணாடித் துண்டின் மேல் ஒவ்வொரு சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாய். உயரத்திலிருந்து விழுந்தால்தான் செல் வெடித்துக் குரோமோசோம்கள் விரியுமாம். டீ மாஸ்டர் ஒரு மீட்டர் ஆற்றுவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன்; டாக்டர் பட்டத்துக்கே அப்படி ஆற்ற வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது. தென்னைமரத்தில் ஏறி விட்டால் உனக்கு இரண்டு டாக்டர் பட்டம் கிடைக்குமே என்று யோசனை சொன்னேன். நீ ஸ்டூலிலிருந்து இறங்காமலே என்னை வெளியே அனுப்பினாய்.

உன் களப்பணித் தளபதியாக என்னை நானே நியமித்துக்கொண்டேன். சாயப்பட்டறைகளுக்குத் துணி கொடுத்து வாங்கும் எனக்கு அங்கே எல்லோரையும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் போய் ஆள் சேர்ப்பது நான், ரத்தம் எடுப்பது ஒரு நர்ஸம்மா, கேள்வித்தாளில் எழுதுவது நீ. எடுத்த குழாய்களை எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டியில் தெர்மோகோல் வைத்து நான் கட்டிக் கொடுப்பேன். பஸ்ஸில் நீ அதை மடியில் வைத்துக்கொண்டு போவாய். கண்டக்டர் "மீனுங்களா?" என்று கேட்டதற்கு "மனுசனுங்க" என்று சொல்லி, அந்த இரண்டு பேர் சீட்டில் கோயம்புத்தூர் வரை தனியாகவே போனாயாமே!

இப்போது வரப்போகிற இடத்தை நான் நூறு தடவை நூறு விதமாகச் சொல்லியிருக்கிறேன். உனக்கு எழுதும்போது நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

உன் கைடு கேட்ட எண்ணிக்கைக்கு ஐந்து பேர் குறைந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காய்ச்சல். "நான் பாத்துக்கறேன்" என்று நர்ஸம்மாவோடு நான் போனேன். வருவதாகச் சொன்ன ஐந்து பேரில் ஒருவனும் வரவில்லை. ஏனென்று எனக்குத் தெரியும். ரத்தத்தில் கோளாறு என்று வந்தால் பட்டறையில் வேலைக்கு வைக்க மாட்டார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். உன்னிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நான் யார்? பனியன்காரன். பெட்டியில் ஐந்து பீஸ் குறைந்தால் பனியன்காரன் என்ன செய்வான்? பக்கத்து லாட்டிலிருந்து ஐந்து பீஸ் எடுத்து, பெட்டியின் நடு அடுக்கில் செருகி, டேப்பை ஒட்டிவிடுவான். மேலேயும் கீழேயும் சரியான பீஸ் இருந்தால் நடுவில் யார் பார்க்கிறார்கள்?

"அஞ்சையும் என்ற கையிலயே எடுத்திருங்மா" என்றேன்.

"அதெப்படிங்க? பேரு வேற வேறயா இருக்குதே?"

"மேடம் சொல்லிட்டாங்க. ஒரே சிவப்புத்தானுங்களே!"

சட்டைக் கையைச் சுருட்டிக் கர்ணன் கவசத்தை அறுத்துக் கொடுத்ததுபோலக் கொடுத்தேன். மொத்தமே மூன்று ஸ்பூன் ரத்தம். மூன்று குடம் கொடுத்தவன்போல இரண்டு இளநீர் குடித்தேன். ஐந்து குழாயிலும் ஐந்து பேருடைய பெயரை ஒட்டினோம். ஒருவன் திருநெல்வேலிப் பக்கம், ஒருவன் தேனி, ஒருவன் காங்கயம், ஒருவன் ஒரிசா, ஒருவன் பீகார். ஒரே நாற்காலியில் உட்கார்ந்தபடி இந்தியாவை ஒருங்கிணைத்தவன் நான் ஒருவன்தான்.

நீ போனில் கேட்டாய்: "அஞ்சும் ஆச்சாடா?"

"ஆச்சுங்க்கா."

பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடும் சீமையில் உனக்கு மட்டும் நான் போட மாட்டேன். போட்டால் ஏதோ தப்புத்தண்டா என்று உனக்குத் தெரியும். அன்று காய்ச்சல் மட்டும் இல்லாதிருந்தால் அந்த ஒரு 'ங்க'விலேயே என் கழுத்தைப் பிடித்திருப்பாய்.

சில வாரம் கழித்து என் பட்டறைக்குள் நீ ஓடிவந்தாய். நீ ஓடி நான் பார்த்தது அதற்கு முன் உன் ஆறாம் வகுப்பு ஸ்போர்ட்ஸ் டேயில். கையில் போட்டோக்கள். பன்னிரண்டு மெஷினும் நின்றன.

"டேய், அஞ்சு பேருக்கு ஒன்பதாம் நம்பர் குரோமோசோம்ல நடுவுல ஒரு துண்டு தலைகீழா இருக்குதுடா! நோயில்ல, ஒண்ணும் பண்ணாது. சில பேருக்குப் பரம்பரையா வர்றதுதான். ஆனா அஞ்சு பேருக்கும் அச்சு அசல் ஒரே மாதிரி! காங்கயத்தானுக்கும் பீகார்க்காரனுக்கும் ஒரே பாட்டனாடா?"

"இருக்கலாமுங்க்கா" என்றேன்.

சந்தோஷத்தில் இரண்டாவது 'ங்க'வையும் நீ கவனிக்கவில்லை. கைடிடம் போனில் சொல்லிவிட்டாயாம். அவரும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாராம். திங்கள்கிழமை எல்லாவற்றையும் எடுத்துவரச் சொன்னாராம். தனியாக ஒரு கட்டுரையே எழுதலாமாம். "அதுக்கு முன்னால அவிங்க அஞ்சு பேரும் சொந்தமான்னு நேர்ல கேக்கோணும். வண்டியை எடு."

என் டிவிஎஸ் ஃபிப்டியில் பின்னால் நீ. பாலம் ஏறும்போது ஒரு தடவை வாயைத் திறந்தேன். லாரி ஹாரன் அடித்தது. இறங்கும்போது திறந்தேன், "இந்த வயசுல எனக்கு இப்படி ஒண்ணு கிடைக்குமுன்னு நெனச்சே பாக்கலடா" என்றாய். மூடிக்கொண்டேன்.

முதல் வீடு செல்லத்துரையுடையது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், பச்சைத் தொட்டியில் நிற்பவன். அவன் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தான். மனைவி மட்டும் கைக்குழந்தையோடு வாசலுக்கு வந்தாள். நீ எவ்வளவோ மெதுவாகத்தான் ஆரம்பித்தாய்.

"உங்க வீட்டுக்காரரு ரத்தத்துல ஒரு சின்ன விசயம் பாத்தோமுங்க. பயப்படற மாதிரி இல்லீங்க. பரம்பரையா வர்றது..."

அவள் 'பயப்படற' வரைதான் கேட்டாள். குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "எம்புள்ளைக்கும் வந்துருமா அக்கா? பச்சப்புள்ளக்கா!" என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

பொய் பேசுவதில் எனக்குப் போட்டியாக இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. ஆனால் அந்த அழுகையின் முன்னால் என் அத்தனை பொய்யும் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டது.

"அது அவன் ரத்தமில்லீங்க்கா. என்ற ரத்தமுங்க."

நீ திரும்பினாய். "எது?"

"அஞ்சுமுங்க்கா."

அந்த நேரம் பார்த்து இரண்டு குடத்தோடு செல்லத்துரை வந்தான். முழங்கை வரை பச்சை. "நான் ரத்தமே குடுக்கலியே அண்ணாச்சி. கோளாறுன்னா வேலைய விட்டுத் தூக்கிருவாவன்னு பயந்துல்லா ஓடிட்டோம்?" என்றான். நீ கையிலிருந்த போட்டோக்களைப் பைக்குள் வைத்தாய். அடிப்பாய் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெண்ணின் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டாய்.

"மன்னிச்சுக்குங்க கண்ணு. சரிபாக்காம உங்க வாசப்படி ஏறுனது என்ற தப்பு. உங்க ஊட்டுக்காரருக்கு ஒண்ணுமில்லீங்க. கொழந்தைக்கும் ஒண்ணுமில்லீங்க."

பிறகு என் வண்டியில் ஏறாமல் நடந்தே போனாய்.

திங்கள்கிழமை கைடிடம் நீயே எல்லாவற்றையும் சொன்னாய். அந்த ஐந்தையும் கிழித்துப் போடச் சொன்னார். அதோடு விடவில்லை, மற்ற ஆட்கள் ஒவ்வொருவரையும் மறுபடி நேரில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும், இன்னும் ஒன்றே ஒன்று சந்தேகம் என்று வந்தாலும் மொத்த ஆய்வும் குப்பை என்றாராம். இதெல்லாம் மாமா வழியாகத்தான் எனக்குத் தெரியும். நீ என்னோடு ஒன்பது நாள் பேசவில்லை. ராமனுக்குப் பதினாலு வருடம். ஆனால் அவனோடு சீதை பேசினாள். என் கதையைக் கேட்டிருந்தால் வால்மீகியே எழுத்தாணியைக் கீழே வைத்திருப்பார்.

ஒன்பதாம் நாள் காலை என் கட்டிங் டேபிள் மேல் இரண்டு போட்டோவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாய். ஜோடி ஜோடியாகக் குட்டிக் குட்டிப் புழுக்கள், பட்டை பட்டையாய் ஊதாச் சாயம் ஏறியவை. அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைக் கை நிறம்.

"இது உன்னுது" என்றாய். "பாரு, ஒன்பதாம் நம்பர்."

"இன்னொண்ணு?"

"என்னுது. நானும் ரத்தம் எடுத்துப் பாத்தேன்."

எனக்கே தெரிந்தது அக்கா. இரண்டிலும் அதே இடத்தில் அதே துண்டு தலைகீழ்.

"அப்பா குடுத்ததா, அம்மா குடுத்ததான்னு இனிக் கேக்க முடியாது" என்றாய். "உன்னையத் திட்டோணுமுன்னு வந்தேன். இதைப் பாத்த பொறகு எப்படிடா திட்டறது? தலைகீழாப் பொறந்தவனை, தலைகீழாப் பொறந்தவ என்ன சொல்றது?"

பிறகு அரைமணி நேரம் திட்டினாய். அவ்வளவு இனிமையான வசவை என் ஆயுளில் நான் வாங்கியதில்லை.

அதன்பின் நடந்தது என் கற்பனைக்குக்கூட எட்டாதது. நீ ஒவ்வொரு லைன் வீடாகப் போய்ப் பழைய ஆட்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, செல்லத்துரை வந்தான். தனியாக இல்லை. ஓடிப்போன ஐந்து பேரும், அவர்களுக்குப் பின்னால் நான் எவ்வளவோ கெஞ்சியும் வராத ஆட்களும். பச்சை, நீலம், மஞ்சள், கருப்பு என்று கைகள். திருவிழாத் தோரணம் நடந்துவந்த மாதிரி.

"கெடச்ச பொக்கிஷத்தத் தூக்கி எறிஞ்சிட்டு எம்பொண்டாட்டிகிட்ட வந்து கும்பிட்டாவல்லா?" என்று அவர்களிடம் சொன்னான் அவன். "இந்த அக்கா நம்மளக் காட்டிக் குடுக்க மாட்டாவ. சட்டையச் சுருட்டுங்கடே." அப்புறம் என்னைக் காட்டினான்: "ஆனா அண்ணாச்சி ரத்தக் குழாய்ப் பக்கமே வரப்பிடாது!"

குழாயில் பேர் வேண்டாம், எண் மட்டும் போதும் என்றார்கள். நீ அப்படியே செய்தாய். பேர்ப் பட்டியலை உன் பீரோவில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாய்.

உன் வாய்மொழித் தேர்வான வைவாவுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்றதால் மண்ணரையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் வந்தோம். கோட்டுப் போட்ட பெரியவர்களுக்குப் பின்னால் நான்கு வரிசை சாயக் கைகள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்: "மாதிரி சேகரித்ததில் பிழை, ஐந்து நீக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, என்ன பிழை?" நான் பெஞ்சுக்கு அடியில் போக இடம் பார்த்தேன்.

"ஃபீல்டு அசிஸ்டென்ட் ஒருத்தரு, குறைஞ்ச எண்ணிக்கையைத் தன் ரத்தத்தாலயே நிரப்பிட்டாருங்க சார். இப்பத் திருந்திட்டாருங்க."

செல்லத்துரை சிரித்த சிரிப்பில் தேர்வாளரும் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து நீ டாக்டர். நான் ஃபீல்டு அசிஸ்டென்ட். விசிட்டிங் கார்டில் போட வேண்டாம் என்று நீ தடுத்திருக்காவிட்டால் போட்டிருப்பேன்.

ஆய்வேட்டின் அத்தனை பக்கத்தையும் எனக்கு ஒரே வரியில் சொன்னாய்: "உறையில்லாம வெறுங்கையோட தொட்டியில நிக்கறவங்களுக்குத்தான் குரோமோசோம் உடைசல் ஜாஸ்திடா." அந்த வரியை நீ பட்டறை பட்டறையாகப் போய்ச் சொன்னாய். சில இடத்தில் உட்கார நாற்காலிகூடத் தரவில்லை. நின்றுகொண்டே சொன்னாய். அப்பாவுக்குக் கிடைக்காத பதில் அது.

நீ போய் மூன்று வருடம் ஆகிறது. இன்று காலை ஆசிட் கேனைத் திறந்தானே, அவன் கையைப் பார்த்தேன். முழங்கை வரை ரப்பர் உறை. "இதில்லாம தொட்டிகிட்ட உடமாட்டாங்ண்ணா" என்றான். உறையைக் கழற்றிக் காட்டினான். உள்ளே வெறும் கை, அவன் அம்மா பெற்ற நிறத்தில். அக்கா, நாலு நாடு ஆண்ட ராஜாவின் கையைக்கூட நான் அப்படிப் பார்த்திருக்க மாட்டேன்.

ஆசிட் வாடை கால்மணி நேரத்தில் போய்விட்டது. ஒன்பதாம் நம்பர் போகவில்லை. நான் ஆயுள் முழுக்க எதையும் பத்தால் பெருக்கியே பேசியவன் என்பது உனக்குத் தெரியும். ஆனால் இதை மட்டும் பெருக்கத் தேவையில்லை: என் உடம்பில் கோடானுகோடி செல், ஒவ்வொன்றிலும் உன்னிடம் இருந்த அதே துண்டு, அதே இடத்தில், தலைகீழாக நின்றுகொண்டிருக்கிறது.

சந்தேகமென்றால் எண்ணிப் பார்த்துக்கொள் அக்கா. ஒரு பீஸ் குறையாது. நடு அடுக்கில்கூடப் பக்கத்து லாட் இல்லை.